எதிர்மேசையில் அமரும் சட்டத்தரணி

இறக்குவானையிலிருந்து மாதம்பை, காவத்தை, பெல்மதுளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் காலை பஸ்ஸில், கையில் பொலித்தீன் உறையொன்றைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தோட்டத் தொழிலாளர் ஒருவரைக் காண்பது அரிதன்று. உறைக்குள் தொழில் நியாய சபையின் அழைப்புக் கடிதம், பழைய சம்பளச் சிட்டைகள், அடையாள அட்டையின் பிரதி என்பன இருக்கும். தமக்காகப் பேசப்போகும் தொழிற்சங்கப் பிரதிநிதியை அவர் அறிவார். சபையின் தலைவர் யாரென்பதும் இரண்டொரு தவணைகளில் தெரிந்துவிடும். ஆனால் எதிரே, தோட்ட முகாமையாளரின் அருகே, கறுப்பு அங்கியும் தடித்த கோப்புமாக அமர்ந்திருக்கும் மனிதர் யார், அவர் எதைத் தேடுகிறார், எதற்கு அஞ்சுகிறார் என்பது பற்றி அவருக்கு எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

தொழிலாளர் தரப்பில் வாதாடியோரைப் பற்றி மலையக எழுத்தில் ஓரளவு பேசப்பட்டுள்ளது. தொழில்தருநர் தரப்பில் நிற்பவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. அவரை வில்லனாகக் காட்டிவிட்டு அப்பால் நகர்வது எளிது. எனினும் வேலைநீக்கம், பணிக்கொடை, விபத்து நட்டஈடு ஆகிய விடயங்களில் தோட்டத்து அலுவலகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தச் சட்டத்தரணி தொலைபேசியில் சொல்லும் ஆலோசனைதான். ஆகவே அவருடைய தொழில் எத்தகையது என்பதை அறிந்து வைத்திருப்பது, அவரை விரும்புவோருக்கும் வெறுப்போருக்கும் ஒருங்கே பயனுடையது.

இத்தொழில் பழமையானதன்று. கோப்பிக் காலத்திலும் தேயிலையின் முதல் அரைநூற்றாண்டிலும் தோட்டத்துரைமாருக்குப் பிரதிவாதி தரப்புச் சட்டத்தரணி தேவைப்படவே இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறைக்கு அனுப்பப்படக்கூடியவனாக இருந்தான். துண்டு முறையின் கீழ், கடனைத் தீர்க்காதவன் இன்னொரு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. எந்நேரமும் குற்றவாளிக் கூண்டில் நின்றவன் தொழிலாளியே. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் இடைவிடாத முயற்சியின் பின்னர் 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும், உரிய அறிவித்தலைக் கொடுத்துவிட்டால் எவரையும் எக்காரணமும் கூறாது வேலையிலிருந்து நிறுத்தலாம் என்ற பொதுச் சட்ட நிலை தொடர்ந்தது.

நிலைமையைத் தலைகீழாக்கியது 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்திற்கு 1957இல் கொண்டுவரப்பட்ட 62ஆம் இலக்கத் திருத்தமாகும். அதன் மூலமே தொழில் நியாய சபைகள் தோன்றின. வேலை நீக்கப்பட்ட தொழிலாளி தனியாகவோ தன் சங்கத்தின் மூலமாகவோ நிவாரணம் கோரலாம். சேவை ஒப்பந்தத்தில் எதுதான் எழுதப்பட்டிருந்தாலும் சபை நிவாரணம் வழங்கலாம். சபையின் கட்டளை நியாயமானதும் ஒப்புரவானதுமாக இருத்தல் வேண்டும். தொழில்தருநர் முதன்முறையாக, காரணம் காட்டிப் பதிலளிக்க வேண்டிய எதிர்மனுதாரர் ஆனார். நாம் பேசும் சட்டத்தரணியின் தொழிலுக்கு ஒரு பிறந்தநாள் குறிக்க வேண்டுமெனில் அதை இத்திருத்தத்தின் திகதியாகவே கொள்ளலாம்.

புதிய ஏற்பாட்டைத் தொழில்தருநர் தரப்பு இலகுவில் ஏற்றுக்கொள்ளவில்லை. அறுபதுகளில் அத்தரப்பின் வழக்கறிஞர்கள் கையாண்ட வாதம் மிகவும் கூர்மையானது. நியாய சபையின் தலைவர் நீதி அதிகாரத்தைப் பிரயோகிக்கிறார். ஆனால் நீதிச் சேவை ஆணைக்குழு அவரை நியமிக்கவில்லை. ஆகவே அவருடைய கட்டளைகள் யாவும் செல்லுபடியற்றவை என்பதே அவ்வாதம். வாக்கர் அன்ட் சன்ஸ் எதிர் ஃப்றை வழக்கில் உயர் நீதிமன்ற நீதியரசர்களிடையேயே இது பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. இறுதியில் 1967இல், ஐக்கிய பொறியியல் தொழிலாளர் சங்கம் எதிர் தேவநாயகம் வழக்கில், லண்டனிலிருந்த கோமறைக் கழகம் பெரும்பான்மைத் தீர்ப்பினால் அவ்வாதத்தை நிராகரித்தது. நியாய சபைகள் பிழைத்தன. அவ்வழக்கில் தொழில்தருநராகப் பெயர் குறிக்கப்பட்டவர், கிழக்கு மாகாண விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவராக இருந்த கே. டபிள்யூ. தேவநாயகம். பின்னாளில் நீதி அமைச்சராகவும் பதவி வகித்த அதே தேவநாயகம்தான். இன்று நியாய சபைத் தலைவர்களை நீதிச் சேவை ஆணைக்குழுவே நியமிக்கிறது என்பதையும் இங்கு சேர்த்துச் சொல்லிவிடலாம். தோற்ற வாதமொன்று சில தசாப்தங்களின் பின் வேறு வழியால் நிறைவேறுவது சட்ட வரலாற்றில் புதுமையன்று.

சபைகளை அகற்ற முடியாது என்றானபின், அவற்றுக்குள் நின்று வாதாடும் நுட்பம் வளர்ந்தது. 1929இல் அமைக்கப்பட்ட இலங்கை முதலாளிமார் சம்மேளனம் தன் அங்கத்தவர்களுக்காக நியாய சபைகளில் தோன்றும் சட்டப்பிரிவொன்றைக் கட்டியெழுப்பியது. அச்சம்மேளனத்தின் பணிப்பாளர் நாயகமாக இருந்த எஸ். ஆர். டி சில்வா எழுபதுகளில் எழுதிய தொழிலுறவுச் சட்ட நூல் இரு தரப்பாரின் மேசைகளிலும் இடம்பிடித்தது. சம்மேளனமே தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்ட ஓர் அமைப்பு என்பது பலருக்கு வியப்பளிக்கும்! 1994இல் அரசியலில் நுழைந்து வெளிவிவகார அமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமரும், அதற்கு முன்னர் வணிகச் சட்டத்திலும் தொழிற் சட்டத்திலும் பெயர் ஈட்டியவரே.

இனி, இத்தகைய சட்டத்தரணியின் அன்றாட வேலையைப் பார்ப்போம். அது நியாய சபையில் ஆரம்பிப்பதில்லை. தோட்டத்து அலுவலகத்தில் ஆரம்பிக்கிறது. சூரியகந்தைப் பக்கத்து மலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுவையின்போது தொழிலாளி ஒருவர் கணக்கப்பிள்ளையை அடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கோபத்திலிருக்கும் முகாமையாளர் அன்றைக்கே அவரை நிறுத்திவிட எண்ணுவார். அனுபவமுள்ள சட்டத்தரணியின் முதற் சொல் "இன்றைக்கு நிறுத்த வேண்டாம்" என்பதாகவே இருக்கும். விசாரணை முடியும்வரை இடைநிறுத்துங்கள். நாள், நேரம், இடம் குறிப்பிட்டுக் குற்றப்பத்திரம் கொடுங்கள். பதிலளிக்க அவகாசம் வழங்குங்கள். சம்பவத்தில் தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு உள்ளக விசாரணை நடத்துங்கள். சாட்சியங்களை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள் என்று அவர் அடுக்குவார். உள்ளக விசாரணை நடத்தியே தீரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நியாய சபை எல்லாவற்றையும் புதிதாகவே விசாரிக்கும். ஆயினும் அடித்த மறுநாள் எழுதப்பட்ட வாக்குமூலத்துக்கும், மூன்று ஆண்டுகளின் பின் நினைவிலிருந்து சொல்லப்படும் சாட்சியத்துக்கும் இடையிலான வேறுபாட்டை எந்தச் சபைத் தலைவரும் அறிவார். தொழில்தருநரின் நலனுக்காகச் சொல்லப்படும் இவ்வாலோசனையால் தொழிலாளிக்கும் ஒரு நன்மை விளைகிறது: குறைந்தபட்சம் அவருடைய கதையை ஒருவர் கேட்டு எழுதுகிறார். சில வேளைகளில் அந்த எழுத்திலேயே கணக்கப்பிள்ளைதான் முதலில் கைநீட்டினார் என்பதும் வெளிவந்துவிடுவதுண்டு.

வேலைநீக்கத்தைத் தொழில்தருநர் ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று எண்பிக்கும் பொறுப்பு அவருடையது. அவரே முதலில் சாட்சியம் அளிக்க வேண்டும். எண்பிக்கும் தரம் குற்றவியல் வழக்குகளில் உள்ளதுபோல் ஐயத்துக்கிடமற்றதாக இருக்க வேண்டியதில்லை. திருட்டுக் குற்றச்சாட்டாக இருந்தாலும் நிகழ்தகவுச் சமநிலையே போதுமானது என்பது அசோசியேட்டட் பற்றரி வழக்கிலிருந்து நிலைபெற்ற விதி. ஒட்டுப்பால் திருடியதாக நீதவான் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டு விடுதலையான றப்பர் தோட்டத் தொழிலாளி ஒருவர், "நீதிமன்றமே என்னை விட்டுவிட்டது, வேலையைத் தாருங்கள்" என்று நியாய சபைக்கு வந்து தோற்றுப்போவது இதனாலேயே. இவ்வேறுபாட்டை முன்கூட்டியே விளக்கிச் சொல்ல ஆளில்லாத இடத்தில் அவர் அதைச் சதியென்றே எண்ணுகிறார்.

வேலைநீக்கத்தை மறுத்தால் நிலைமை வேறு. "நாங்கள் நிறுத்தவில்லை, அவரே வேலைக்கு வரவில்லை" என்பது எதிர்மேசையிலிருந்து அடிக்கடி எழும் பதில். அப்போது தான் நிறுத்தப்பட்டதை முதலில் காட்ட வேண்டியவர் தொழிலாளி. சப்ரகமுவத் தோட்டங்களில் இவ்வாதத்துக்குத் தனியான ஒரு வலு உண்டு. நுவரெலியாவைப் போல் தோட்டத்தை அடுத்துத் தோட்டமாக விரியும் நிலமன்று இது. தோட்டத்தைச் சுற்றிலும் சிங்களக் கிராமங்கள், சிறு தேயிலைக் காணிகள், கறுவாத் தோட்டங்கள், மாணிக்கக் குழிகள். தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வேலை கிடைக்கும்போது, மற்ற நாள்களில் தொழிலாளி கிராமத்துக் காணியில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்த் தீபாவளிக்கு வருகிறார்கள். செக்ரோலில் அவர்களுடைய பெயருக்கு நேரே வெற்றுக் கட்டங்கள் நீளுகின்றன. ஒரு நாள் அப்பெயர் வெட்டப்படுகிறது.

ஆனால் வராமலிருந்தது மட்டும் வேலையைக் கைவிட்டமைக்குச் சான்றாகாது. கைவிடும் எண்ணமும் இருந்திருத்தல் வேண்டும். நெல்சன் டி சில்வா எதிர் அரச பொறியியற் கூட்டுத்தாபனம் வழக்கு இதைத் தெளிவாக்கியது. ஆகவே நல்ல சட்டத்தரணி தன் கட்சிக்காரரிடம் கேட்கும் கேள்வி "எத்தனை நாள் வரவில்லை?" என்பதன்று, "வேலைக்குத் திரும்புமாறு கடிதம் அனுப்பினீர்களா, எந்த மொழியில் அனுப்பினீர்கள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டு இருக்கிறதா?" என்பதாகும். லயத்து முகவரிக்கு அனுப்பப்படும் தபால் யார் கையில் சேருகிறது என்பது தோட்டப்புறத்தை அறிந்தோருக்குத் தெரியும். தோட்ட அலுவலகத்துக்கே வந்து, தோட்ட அலுவலகத்திலிருந்தே விநியோகிக்கப்படும் கடிதத்தைத் தொழிலாளி பெற்றுக்கொண்டார் என்று அதே அலுவலகம் சாதிப்பதில் உள்ள சங்கடத்தைக் குறுக்கு விசாரணையில் பயன்படுத்தத் தெரிந்த தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர் பாதி வழக்கை வென்றவராவார்.

மொழி பற்றி இங்கு ஒரு சொல். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகளே. எனினும் வடக்கு, கிழக்குக்கு வெளியே பதிவேடுகள் சிங்களத்தில் அமைகின்றன. தமிழில் பேசும் தரப்பினருக்கு மொழிபெயர்ப்பு உரிமை உண்டு. உரிமை இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் எப்போதும் இருப்பதில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் நிருபராக இருந்த காலத்தில், நியாய சபையொன்றில் அமர்ந்து கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர் "என் பேர வெட்டிட்டாங்க" என்றார். அவசரத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் "தன் பெயரை வெட்டிக்கொண்டார்" என்ற பொருள்படச் சிங்களத்தில் சொன்னார். மேலே நான் விளக்கிய சட்ட நிலைப்படி அந்த ஒரு விகுதி வழக்கின் தலைவிதியையே மாற்றிவிடக்கூடியது. எழுந்து நின்று அதைத் திருத்தியவர் அப்பெண்ணின் பிரதிநிதி அல்லர். அவருக்குச் சிங்களம் அத்தனை போதாது. திருத்தியவர் கம்பனியின் சட்டத்தரணி. தமிழ் அறிந்த ஒரு சிங்களவர். அவர் அந்த வழக்கில் வென்றாரா தோற்றாரா என்பதை நான் பின்னர் தொடர்ந்து பார்க்கவில்லை. வெளியே வந்து தேநீர் குடிக்கையில், "பிழையான பதிவோடு வென்றால் மேன்முறையீட்டில் விழும்" என்று மட்டும் சொன்னார். அறம் என்பதா, தொழில் நுணுக்கம் என்பதா? இரண்டும் ஒன்றாய் அமைந்த தருணம் என்றே இன்று தோன்றுகிறது.

சபையின் கட்டளைக்கு எதிரான மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் செல்லும். அதுவும் சட்டப் பிரச்சினை ஒன்றின் மீது மட்டுமே. மேன்முறையீடு செய்யும் தொழில்தருநர் பிணைப்பணமும் வைப்பிலிட வேண்டும். அதற்கப்பால் அனுமதியுடன் உயர் நீதிமன்றம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடுவது முதலாளிக்கே வாய்ப்பு என்பது பொது நம்பிக்கை. இது பாதி உண்மை. தொழிலாளி பசியால் தளர்ந்து சிறு தொகைக்கு இணங்கிவிடுகிறார் என்பது மெய். ஆனால் மீண்டும் வேலையில் அமர்த்துமாறு கட்டளை பிறந்தால், கடந்த ஆண்டுகளின் சம்பளமும் சேர்ந்து கொள்ளக்கூடும். வேலைக்குப் பதிலாக நட்டஈடு என்றால் அதை எவ்வாறு கணிப்பது என்பதை 1995இல் ஜயசூரிய எதிர் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் வழக்கில் நீதியரசர் அமரசிங்க விரிவாக ஆராய்ந்தார். தொழிலாளி அடைந்த உண்மையான இழப்பு, வயது, வேறு வேலை தேடக்கூடிய வாய்ப்பு யாவும் கணக்கிலெடுக்கப்படும். ஐம்பது வயதைக் கடந்த, தோட்ட வேலை தவிர வேறெதுவும் அறியாத ஒருவரின் வழக்கில் இக்கணிப்பு எங்கே போய் முடியும் என்பதைச் சட்டத்தரணி முன்னரே போட்டுப் பார்த்துவிடுவார். ஆகவே இத்துறையில் தேர்ந்தவர்களின் வெற்றிகளில் பல தீர்ப்பு அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை. இரண்டாம் தவணையிலேயே இணக்கம் கண்டு முடிந்தவை அவை.

பணிக்கொடை விடயத்தில் கணக்கு இன்னும் வெளிப்படையானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாத தொழிலாளரைக் கொண்ட இடத்தில் ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்தவருக்கு, நாட்சம்பளக்காரராயின் ஆண்டொன்றுக்கு 14 நாள் சம்பளம் உரியது. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், 30 ஆண்டு உழைத்தவருக்கு 567,000 ரூபா. இது 30 நாள்களுக்குள் செலுத்தப்பட வேண்டும். தவறினால் மேலதிகக் கட்டணம் 10 சதவீதத்தில் தொடங்கி, ஓராண்டைக் கடந்தால் 30 சதவீதமாகிறது. அதாவது 170,100 ரூபா மேலதிகம். "இழுத்தடியுங்கள்" என்று ஆலோசனை கூறும் சட்டத்தரணி தன் கட்சிக்காரரின் பணத்தையே எரிக்கிறார். தொழிலாளி மோசடியினாலோ வேண்டுமென்றே செய்த சேதத்தினாலோ நீக்கப்பட்டிருந்தாலும், அவ்விழப்பின் அளவுக்கு மட்டுமே பணிக்கொடையைக் கழிக்கலாம். முழுவதையும் மறுக்க முடியாது. இதை அறியாத தோட்ட அலுவலகங்களும் உண்டு, அறியாதிருப்பதில் இலாபம் காண்பனவும் உண்டு.

15 பேர் என்ற அந்த எல்லை இறக்குவானைப் பகுதிக்கு மிகவும் பொருத்தமான ஒன்று. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத்தையும் 1975ஆம் ஆண்டின் தேசியமயத்தையும் அடுத்து இம்மாகாணத்தில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு சிறு காணிகளிலிருந்தே வருகிறது. பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் காணிக்காரருக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது. முன் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்வதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் பொருந்தாது. எனினும் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ்ப் பணிக்கொடை கோரி நியாய சபைக்குச் செல்லும் வழி அடைக்கப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதியோ ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் கட்டாயமானது. தொழிலாளியின் 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும் மாதந்தோறும் போய்ச் சேர வேண்டும். கிராமத்துக் காணிகளில் கைக்காசு வாங்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது என்று கேட்டால் சங்கடமான மௌனமே பதில்.

விபத்துப் பொறுப்பு இத்தொழிலின் மறுபாதி. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தவறு யாருடையது என்று கேட்பதில்லை. வேலையின்போதும் வேலை காரணமாகவும் காயம் ஏற்பட்டதா என்பதே கேள்வி. குளவிக் கொட்டுக்கு இலக்காகும் கொழுந்துப் பெண், றப்பர் மரக் கிளை முறிந்து விழுந்து காயமுறும் பால்வெட்டுக்காரர், தொழிற்சாலை உருளையில் கையைக் கொடுத்தவர் ஆகியோர் இதன் கீழ் வருவர். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு இங்கு வாதாட எஞ்சியிருப்பவை சிலவே: அந்நேரம் அவர் வேலையில் இருந்தாரா, மருத்துவச் சான்றிதழ் காட்டும் இயலாமையின் அளவு சரியா, தங்கிவாழ்வோர் யாவர். 2022இல் வந்த திருத்தம், வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் உள்ளடக்கி, உச்சத் தொகையையும் 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்த்தியது. தோட்டத்து லொறியில் தொங்கிச் செல்வோருக்கு இது சிறிய விடயமன்று.

தொழில்தருநரின் கவனயீனத்தைக் காட்ட முடியுமாயின், உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் கூடுதல் நட்டஈடு கோரலாம். இரண்டையும் ஒருங்கே பெற முடியாது. இங்குதான் "குளவிக் கூடு இருப்பது தெரியுமா, யார் எப்போது அறிவித்தார்?" என்ற கேள்வி உயிர்பெறுகிறது. கங்காணியிடம் வாயால் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் இராது. வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரப்படவும் வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம் அதில் இரக்கம் காட்டுவதில்லை. நமது தோட்டங்களில் இத்தகைய வழக்குகள் அருமையாக இருப்பதற்குக் காரணம் கவனயீனம் அருமையாக இருப்பதன்று.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு முன்னதாக, பிரதிவாதி யார் என்ற கேள்வி வந்து நிற்கும். 1992இல் பெருந்தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது நிலம் அரசிடமே இருந்தது; கம்பனி குத்தகைக்காரர். லயம் இடிந்தால் யார் பொறுப்பு? மண் சரிந்தால்? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டபோது, 2005இலும் 2011இலும் அவ்விடம் ஆபத்தானது என எச்சரிக்கப்பட்டிருந்தமை வெளிவந்தது. எச்சரிக்கை யாருக்குக் கிடைத்தது, மாற்றுக் காணி கொடுக்க வேண்டியது யார், போகாமலிருந்தது யாருடைய தவறு என்று பொறுப்பு கைமாறிக் கைமாறிச் சென்றதை நாடே பார்த்தது. இரத்தினபுரியும் கேகாலையும் மண்சரிவு அபாய மாவட்டங்களே. 2003 மே மாதத்தையும், 2016 மே மாதத்து அரநாயக்கவையும் மறந்தவர் எவருமில்லை. மலைச்சரிவில் லயங்களைக் கொண்ட தோட்டமொன்றின் சட்டத்தரணி, எச்சரிக்கைக் கடிதம் வந்த அன்றே "இதைக் கோப்பில் போட்டு வைக்காதீர்கள், ஆட்களை நகர்த்துங்கள்" என்று சொல்வாரானால், அவர் தன் கட்சிக்காரருக்கு ஆற்றக்கூடிய மிகப் பெரிய சேவை அதுவேயாகும்.

அண்மைக் காலத்தில் தொழில்தருநர்கள் நீதிமன்றங்களுக்கு மனுதாரர்களாகவும் செல்கின்றனர். 2021 மார்ச்சில் சம்பளச் சபை ஊடாக 1000 ரூபா வர்த்தமானி வெளியானபோது கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 2024இல் 1700 ரூபா வர்த்தமானிக்கு எதிராகச் சென்றபோது உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைக்காலத் தடை வழங்கியது. அதன் பின்னரே மேற்சொன்ன 1350 ரூபா வந்தது. ஆனால் இப்பெரிய வழக்குகளைவிடத் தோட்டத்தில் அதிகம் உணரப்படுவது வேறொன்று. நாளொன்றுக்கு எத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர், எவ்வளவு குறைந்தால் அரைப்பேர் என்ற தகராறுதான் அது. நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தைக் கிலோக் கணக்கினால் பாதியாக்க முடியுமா என்ற கேள்வி ஒவ்வொரு நிறுவைத் தராசின் முன்பாகவும் எழுகிறது.

இன்னொரு மாற்றம் ஓசையின்றி நடைபெறுகிறது. தேயிலைச் செடிகளைக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்து, பராமரித்துப் பறித்துத் தரும் கொழுந்துக்கு மட்டும் விலை கொடுக்கும் வருமானப் பகிர்வு முறை பல தோட்டங்களில் பரவியுள்ளது. இதற்கான ஒப்பந்தத்தை வரைவது நாம் பேசும் சட்டத்தரணியே. இன்று அவருடைய அலுவலகத்தில் வழக்குக் கோப்புகளைவிட இத்தகைய வரைவுகளுக்குக் கேள்வி அதிகம் என்றால் மிகையாகாது. ஒப்பந்தத்தில் "தொழிலாளி" என்ற சொல் இராது. சேமலாப நிதி, பணிக்கொடை, மகப்பேற்றுச் சகாயம் எதுவும் இராது. ஆனால் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் "வேலையாள்" என்பதற்குத் தரும் பொருள்கோடல் அகலமானது. சேவை ஒப்பந்தம் மட்டுமன்றி, ஒருவர் தாமே நேரில் வேலையைச் செய்துதர உடன்படும் ஒப்பந்தமும் அதற்குள் அடங்கும். தம் காணிப் பங்கில் மனைவி, மக்களோடு வேலை செய்பவர் அதற்குள் வருவாரா, தோட்டமே மருந்தடிக்கும் நாளையும் பறிக்கும் சுற்றையும் தீர்மானிக்குமாயின் அவர் சுதந்திர உற்பத்தியாளராவாரா என்பன எதிர்வரும் ஆண்டுகளில் நீதிமன்றங்கள் விடையளிக்க வேண்டிய வினாக்கள். கையெழுத்திடச் சொல்லும் தாள் எந்த மொழியில் இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்தாவது நாம் தொடங்கலாம்.

இத்துறைக்கு வர விரும்பும் மலையக இளைஞர் எதிர்கொள்வதும் மொழித் தடையே. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதி 2020 டிசெம்பரில் வர்த்தமானியில் வந்து, 2023 மார்ச்சில் நாடாளுமன்றத்தினால் நிராகரிக்கப்பட்டது. எனினும் தீர்ப்பு அறிக்கைகள் ஆங்கிலத்திலும் விசாரணைகள் சிங்களத்திலும் கட்சிக்காரர் தமிழிலும் இருக்கும் இரத்தினபுரி போன்ற இடத்தில் மூன்றும் வேண்டும். லயத்தில் பிறந்த ஒருவர் கம்பனியின் சட்டத்தரணியாவது துரோகமா என்ற கேள்வியைச் சிலர் எழுப்புவதுண்டு. வாதிக்கும் பிரதிவாதிக்கும் சட்டத்தரணி வேண்டும் என்பது ஒரு பதில். அரைப்பேர் என்றால் என்ன, கங்காணியிடம் சொல்வது என்றால் என்ன என்பது தெரிந்த ஒருவர் முகாமையாளரின் அருகே இருந்தால் "இந்த வழக்கை நடத்தாதீர்கள், கொடுத்துவிடுங்கள்" என்ற சொல் சற்று முன்னதாக வரக்கூடும் என்பது மற்றொரு பதில். இப்பத்தியாளர் இரண்டாவதையே நம்ப விரும்புகிறார், முழு உறுதியோடு அல்லாவிடினும்.

வழக்குக்குச் செல்வோர் ஒரு திகதியை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். வேலைநீக்கத்துக்கு எதிரான விண்ணப்பம் ஆறு மாதங்களுக்குள் நியாய சபையில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். தலைவர் பேசுவார், துரை மாறுவார், தேர்தல் முடியட்டும் என்று காத்திருந்தோரின் கோப்புகள் பல. எதிர்மேசையில் இருப்பவர் கோப்பைத் திறந்ததும் முதலில் பார்ப்பது குற்றச்சாட்டையன்று, சாட்சியையும் அன்று. வலப்பக்க மூலையில் குத்தப்பட்டிருக்கும் பதிவு முத்திரையின் நாளைத்தான்.